பட்டை இறங்குகிறது, திரை மங்கவில்லை: லினக்ஸ் டிரைவர் பிழையை முதன்முதலாகத் திருத்தப்போகிறவர்களுக்கு

வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டனை அழுத்தினேன். திரையின் மேலே சின்னப் பட்டை ஒன்று வந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் காலியாகவே ஆகிவிட்டது. திரை மட்டும் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தது. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டுத் தங்கையிடம் கொடுத்த அன்று இரவு நடந்தது இது. கண் கூசுகிறது, ராத்திரியில் படிக்க முடியவில்லை என்றாள். பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்தது.

அந்த ஒரு பிழையைத் துரத்திப் போனதில்தான் டிரைவர் வேலை எனக்குப் பழக்கமானது. புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே முதல் பாடமாகச் சொல்லுவேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூல நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். அவற்றில் இருக்கும் பிழைகளில் நிறைய, குறிப்பிட்ட ஒரு மாடல் கையில் இருக்கிறவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். கெர்னலைக் கரைத்துக் குடித்தவரிடம் உங்கள் மேசையில் இருக்கும் லேப்டாப் இருக்காது. உங்களிடம் இருக்கிறது. தொடங்குவதற்கு அது போதும். சி மொழியில் ஒரு நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் இன்னும் நல்லது.

டிரைவர் என்பது நடுவில் நின்று பேசும் ஆள். மேலே இருக்கும் மென்பொருள் ஒன்றைச் சொல்லும், டிரைவர் அதை ஹார்டுவேருக்குப் புரியும் விதத்தில் சொல்லும், ஹார்டுவேர் செய்யும். பிழை வந்தால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சொன்னது யார், கேட்டது யார், செய்யாமல் விட்டது யார்? இது தெரிவதற்கு முன்னால் நிரலில் கை வைக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008-இல் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலருடைய இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் வேலை செய்யாமல் போயின. கார்டுக்குள் நிரந்தரமாக இருக்க வேண்டிய தகவலே அழிந்திருந்தது. முதல் சந்தேகம் அந்தக் கார்டை இயக்கும் இ1000இ டிரைவர் மீதுதான் விழுந்தது. கடைசியில் பிடிபட்டதோ எஃப்டிரேஸ் என்ற, கெர்னலின் ஃபங்ஷன்களைத் தடம் பார்க்கும் பகுதி. தன் வேலைக்காகக் குறித்து வைத்திருந்த நினைவக முகவரி ஒன்றில் அது எழுதியது. அந்த முகவரியில் முன்பு இருந்த நிரல் எப்போதோ விடுவிக்கப்பட்டு, அதே முகவரி கார்டின் சேமிப்புப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. டிரைவர் நிரலை மட்டும் வரி வரியாகப் படித்திருந்தால் இது ஒருநாளும் கிடைத்திருக்காது.

தொடங்கும் முன்

முதல் முயற்சிக்குத் திரை வெளிச்சம், கீபோர்டு விளக்கு, டச்பேட், வைஃபை பட்டன் மாதிரியானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன், மின்னழுத்தம், பேட்டரி சார்ஜ் இந்த மூன்றும் வேண்டாம். ஃபேனைக் கையால் ஓட்டும் நிலைக்கு மாற்றிவிட்டு உங்கள் சோதனை நிரல் பாதியில் நின்றுபோனால், ஃபேன் கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிராசசர் சூடாவது அதற்குத் தெரியாது.

இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ எஸ்எஸ்ஹெச் வழியாக லேப்டாப்புக்குள் நுழைய ஏற்பாடு செய்து வையுங்கள். சில லேப்டாப்களில் வெளிச்சத்துக்குப் பூஜ்யம் என்று எழுதினால் திரை முழுக்க அணைந்துவிடும். அப்புறம் இருட்டில் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். எஸ்எஸ்ஹெச் வசதி இல்லையென்றால், புதிய எண்ணை எழுதிய 5 நொடியில் பழைய எண்ணைத் திரும்ப எழுதிவிடும்படி கட்டளையை ஒரே வரியில் சேர்த்துக் கொடுங்கள். இப்போது ஓடும் கெர்னலை அழிக்காதீர்கள். புதிதாகக் கட்டுவது பூட் ஆகவில்லையென்றால் தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எந்த கெர்னல் பதிப்பு, எந்த பூட் விருப்பம், என்ன எழுதினேன், என்ன நடந்தது என்று ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். மூன்றாவது மறுதொடக்கத்துக்குப் பிறகு எதை எப்போது செய்தோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வி

இது முன்பு எப்போதாவது சரியாக வேலை செய்ததா? ஆம் என்றால் வழி வேறு. பழைய கெர்னலில் நன்றாக இருந்து புதியதில் கெட்டது என்றால், நடுவில் வந்த ஏதோ ஒரு மாற்றம்தான் காரணம். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை அதைத் தேடித் தரும். நல்ல பதிப்பு எது, கெட்ட பதிப்பு எது என்று சொன்னால் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். கட்டி, பூட் செய்து, நல்லதா கெட்டதா என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துபோகும். நடுவில் 10,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 முறைக்குள் ஆள் அகப்பட்டுவிடும். பழைய கம்ப்யூட்டர் என்றால் இரண்டு நாள் வேலை, ஆனால் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. கண்டுபிடித்த மாற்றத்தை எழுதியவருக்குச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

தங்கையின் லேப்டாப்பில் எந்தப் பதிப்பிலும் வெளிச்சம் குறையவில்லை. அதனால் அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டியிருந்தது.

மேலிருந்து கீழே

முதல் அடுக்கு பட்டன். ஈவிடெஸ்ட் என்ற சின்ன நிரலை ஓட்டிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். வெளிச்சத்தைக் குறைப்பதற்கு 224, கூட்டுவதற்கு 225 என்ற குறியீடு வர வேண்டும். வரவில்லையென்றால் பிழை கீபோர்டு பக்கம். வந்துவிட்டால் பட்டனை மறந்துவிடுங்கள். பட்டை இறங்கியதை நான் கண்ணால் பார்த்ததால் இந்த அடுக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாவது, டெஸ்க்டாப்பை ஒதுக்கிவிட்டு கெர்னலிடம் நேரே பேசிப் பார்ப்பது. சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் பேக்லைட் (திரையின் பின்விளக்கு) என்று போனால் உங்கள் திரைக்கு ஒரு பெயர் இருக்கும். 6.1 பதிப்புக்கு முன்பு ஒரே திரைக்கு இரண்டு மூன்று பெயர்கள் தெரியும், எது உண்மையில் வேலை செய்கிறது என்று குழம்ப வேண்டியிருக்கும். கெர்னல் டெவலப்பர் ஹான்ஸ் டி கோடே இந்தப் பகுதியை மாற்றி எழுதிய பிறகு, 2022 டிசம்பரில் வந்த 6.1 முதல், பெரும்பாலும் ஒரு பெயர்தான். அதற்குள் மேக்ஸ் பிரைட்னஸ், பிரைட்னஸ், ஆக்சுவல் பிரைட்னஸ், டைப் என்று கோப்புகள் இருக்கும். முதலாவது உச்ச அளவு. இரண்டாவது நீங்கள் கேட்டது. மூன்றாவது, ஹார்டுவேர் தரப்பிலிருந்து திரும்பி வந்த பதில். நான்காவது யார் வழியாகப் பேசுகிறோம் என்பது: ஃபர்ம்வேர், பிளாட்ஃபார்ம், ரா என்று மூன்றில் ஒன்று.

எனக்குக் கிடைத்த பெயர் ஏசிபிஐ வீடியோ 0. டைப் கோப்பில் ஃபர்ம்வேர் என்றிருந்தது. உச்சம் 15. ரூட் உரிமையோடு பிரைட்னஸ் கோப்பில் 3 என்று எழுதினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆக்சுவல் பிரைட்னஸைப் படித்தேன். அதுவும் 3 என்றது. நிமிர்ந்து பார்த்தால் திரை அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கேட்டது 3, வந்த பதில் 3. அப்படியென்றால் டிரைவர் சரி, திரைதான் பழுது என்று நினைத்துவிடுவோம். ஆனால் இந்த 3 எங்கிருந்து வந்தது? ஃபர்ம்வேர் வகை டிரைவர் பேக்லைட்டின் ரெஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் கட்டளை எழுதும் சின்ன இடத்தை, தொடுவதே இல்லை. லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸோடு வரும் ஏசிபிஐ நிரலிடம் “3 ஆக்கு” என்கிறது. பிறகு “இப்போது எவ்வளவு?” என்று அதே ஏசிபிஐ நிரலிடம்தான் கேட்கிறது. அந்த நிரல் சொன்ன எண்ணை ஓரமாகக் குறித்து வைத்துக்கொண்டு, கேட்டபோது அதையே எடுத்துச் சொன்னால்? கடையில் சரக்கு வந்ததா என்று பார்க்காமல், ஆர்டர் போட்ட நோட்டைப் பார்த்து “வந்துவிட்டது” என்று சொல்வது போலத்தான். திரும்பப் படித்த எண்ணை நம்புவதற்கு முன், அதைச் சொல்வது யார் என்று கேளுங்கள். இந்த லேப்டாப்பில் என் கண் ஒன்றுதான் நம்பக்கூடிய சாட்சியாக இருந்தது.

மூன்றாவது, வேறு ஆள் வழியாகச் சொல்லிப் பார்ப்பது. பூட் ஆகும்போது கிரப் பட்டியலில் இ எழுத்தை அழுத்தினால் பூட் வரிகள் திருத்த வரும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஏசிபிஐ பேக்லைட் விருப்பத்தைச் சேர்க்கலாம். இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு, பின்னால் சமக்குறி, எங்கும் இடைவெளி கூடாது. வீடியோ என்றால் ஏசிபிஐ வழி, வெண்டார் என்றால் தயாரிப்பாளருக்கென்று எழுதிய டிரைவர் வழி, நேட்டிவ் என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் தானே ரெஜிஸ்டரில் எழுதும் வழி. இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

நேட்டிவ் போட்டுப் பூட் செய்தேன். பெயர் இன்டெல் பேக்லைட் என்று மாறியிருந்தது. டைப் ரா, உச்சம் 4882. அதில் 900 என்று எழுதி என்டரைத் தட்டிய நொடியில் திரை மங்கியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நொடி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

சரி, கெர்னல் ஏன் முதலிலேயே நேட்டிவ் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை? விண்டோஸ் 8-ஐ எதிர்பார்த்து எழுதிய பயாஸ் என்றால் கெர்னல் நேட்டிவ் வழியைத்தான் விரும்பும். 2012-இல் வந்த அந்த விண்டோஸிலிருந்து வெளிச்சத்தைக் கிராஃபிக்ஸ் டிரைவரே பார்த்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய லேப்டாப் என்றால் ஏசிபிஐதான் சரியாக இருக்கும் என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்தக் கணக்கு சரி. இந்த மாடலுக்குத் தவறு. அதனால் பொது விதியை மாற்றக் கூடாது, இந்த மாடலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுத வேண்டும்.

விதிவிலக்கு எழுதுவது

கெர்னல் மூல நிரலில் டிரைவர்ஸ், அதற்குள் ஏசிபிஐ என்ற கோப்புறையில் வீடியோ டிடெக்ட் என்ற சி கோப்பு இருக்கிறது. நடுவில் நீளமான ஓர் அட்டவணை. ஒவ்வொரு பதிவும் “இந்த நிறுவனம், இந்த மாடல் என்றால் இந்த வழியில் போ” என்று சொல்லும். உங்கள் பதிவும் அதே அச்சில் ஏழெட்டு வரிதான்.

ஆனால் அந்த ஏழெட்டு வரியில் தவறு செய்யவும் இடம் இருக்கிறது. நிறுவனப் பெயரையும் மாடல் பெயரையும் லேப்டாப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதாதீர்கள். சிஸ், கிளாஸ், டிஎம்ஐ, ஐடி என்ற கோப்புறைக்குள் பயாஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை எழுத்துப் பிசகாமல் அப்படியே எடுங்கள். சில நிறுவனங்கள் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உள்குறியீடு ஒன்றை வைத்து, நமக்குத் தெரிந்த பெயரைப் பதிப்பு என்ற இடத்தில் போட்டிருக்கும். சில மலிவான மதர்போர்டுகளில் “தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது” என்ற வாசகத்தை யாரும் நிரப்பாமலே விட்டிருப்பார்கள். அதை வைத்துப் பொருத்தினால் உலகத்தில் அப்படி விடப்பட்ட எல்லா மதர்போர்டுக்கும் உங்கள் விதிவிலக்கு போய்ச் சேரும்.

இன்னொரு கண்ணி: டிஎம்ஐ மேட்ச் என்ற மேக்ரோ, கொடுத்த எழுத்துகள் பெயரில் எங்காவது இருக்கிறதா என்றுதான் பார்க்கும். மாடல் எண் 150 என்று கொடுத்தால் 1500-க்கும் 1505-க்கும் சேர்த்துப் பொருந்தும். உங்கள் மாடல் பெயர் வேறொன்றின் முன்பகுதியாக இருந்தால் டிஎம்ஐ எக்ஸாக்ட் மேட்ச் என்பதைப் போடுங்கள். நம் தங்கைக்கு வெளிச்சம் குறைய வேண்டும் என்று, எங்கோ இருக்கும் இன்னொருவர் திரையைக் கெடுத்துவிடக் கூடாது.

அப்புறம் கெர்னலைக் கட்ட வேண்டும். லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற வழியில் போனால் இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களுக்கு (தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் துண்டுகளுக்கு) மட்டும் கட்டும், நேரம் நிறைய மிச்சம். அதை ஓட்டுவதற்கு முன் நீங்கள் பயன்படுத்தும் மவுஸ், யுஎஸ்பி வைஃபை எல்லாவற்றையும் செருகிவிடுங்கள், இல்லையென்றால் புதிய கெர்னலில் அவை இருக்காது.

சோதிக்கும்போது நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். முந்தின நாள் தங்கை வேலை பார்க்கட்டும் என்று நேட்டிவ் விருப்பத்தை கிரப் அமைப்பில் நிரந்தரமாகவே போட்டிருந்தேன். புதிய கெர்னல் பூட் ஆனது, வெளிச்சமும் அழகாகக் குறைந்தது. என் பேட்ச் (திருத்தம்) வேலை செய்கிறது என்று மகிழ்ந்துபோனேன். உண்மையில் வேலை செய்தது பூட் விருப்பம். என் பதிவில் மாடல் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்ததால் அது பொருந்தவே இல்லை. அன்று முதல், சோதிக்கும் முன்பு பிராக் கோப்புறையில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைப் படித்து, கெர்னலுக்கு என்னென்ன விருப்பம் போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். பிறகு மூடியை மூடித் திறந்து பாருங்கள், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், அணைத்து ஏற்றிப் பாருங்கள்.

ரெஜிஸ்டர் வரை போக வேண்டியிருந்தால்

எல்லாப் பிழையும் அட்டவணையில் ஒரு பதிவோடு முடியாது. அடுத்த படியில் டிரைவர் நிரலுக்குள் போவீர்கள். டைனமிக் டீபக் வசதியை இயக்கினால் டிரைவருக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் செய்திகளை, கெர்னலைத் திரும்பக் கட்டாமலே, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் பார்க்கலாம். அங்கே தேட வேண்டியவற்றில் நான் அடிக்கடி பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன்.

எழுதியது உடனே போய்ச் சேரும் என்று நம்புவது முதல் தவறு. பிராசசரையும் சாதனங்களையும் இணைக்கும் பிசிஐ வழியாக எழுதுவது தபால் பெட்டியில் கடிதம் போடுவது மாதிரி. பிராசசர் போட்டுவிட்டு நகர்ந்துவிடும், கடிதம் நடுவில் எங்கோ இருக்கும். டிரைவர் ரீசெட் பிட்டை 1 ஆக்குகிறது, 10 மைக்ரோநொடி காத்திருக்கிறது, 0 ஆக்குகிறது என்று வையுங்கள். முதலில் எழுதியது தாமதமாகப் போனால் சிப்புக்கு 10 மைக்ரோநொடி கிடைக்காது. பத்து தடவையில் ஒன்பது தடவை வேலை செய்து, பத்தாவது தடவை காலை வாரும் பிழைகளில் நிறைய இந்த ரகம். எழுதிய கையோடு அதே சாதனத்திலிருந்து ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால், முன்னால் எழுதியது போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வரும். படித்துவிட்டு அப்புறம் காத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் காத்திருக்கும் நேரத்தை 10-இலிருந்து 100 ஆக்குகிறவர்கள் உண்டு. பிழை மறைந்த மாதிரி இருக்கும், போயிருக்காது.

ஒரே ரெஜிஸ்டரில் பல வேலைகளுக்கான பிட்டுகள் இருக்கும்போது, படித்து, ஒரு பிட்டை மாற்றி, திரும்ப எழுதுவார்கள். விளக்குக்கான நிரலும் பவருக்கான நிரலும் ஒரே நேரத்தில் இதைச் செய்தால் ஒன்றின் மாற்றத்தை மற்றது அழித்துவிடும். ஒன்று முடிக்கும் வரை மற்றதைக் காக்க வைக்கும் லாக் போட வேண்டும். இன்டரப்ட் (சாதனம் பிராசசரைக் கூப்பிடும் அழைப்பு) நிலையைக் காட்டும் ரெஜிஸ்டர்களில் பல, 1 எழுதினால் அந்த பிட்டை அழிப்பவை. அங்கே படித்துச் சேர்த்து எழுதினால், இன்னும் கவனிக்காத இன்டரப்ட்டுகளும் சேர்ந்து அழிந்துபோகும். அழிக்க வேண்டிய பிட்டை மட்டும் எழுதுவதுதான் சரி.

எண் அளவையும் பாருங்கள். ஃபேன் வேகத்தை கெர்னல் 0 முதல் 255 வரை வாங்கும். எட்டு பிட் ரெஜிஸ்டர் அது. வரம்பு பார்க்காமல் 256-ஐ அதில் தள்ளினால் மேல் பிட் உதிர்ந்து 0 ஆகிவிடும். இன்னும் வேகமாகச் சுற்று என்று சொன்னதும் ஃபேன் நின்றுபோகும். ஃபேனை முதல் பாடமாக எடுக்காதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடியை மூடித் திறந்த பிறகுதான் பிழை வருகிறது என்றால் லேப்டாப் தூங்கி எழும்போது ஓடும் ரெஸ்யூம் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். மின்சாரம் போனதும் சிப் தன் ரெஜிஸ்டர்களை மறந்துவிடும். டிரைவர் தொடக்கத்தில் எழுதிய அத்தனையையும் திரும்ப எழுதுகிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் விட்டுப்போனது தெரிந்துவிடும்.

அனுப்புவது

திருத்தம் உங்கள் லேப்டாப்பிலேயே தங்கிவிடக் கூடாது. அதே மாடல் வைத்திருக்கும் எத்தனையோ பேர் கண் கூசியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். திருத்தத்தோடு போகும் விளக்கமான கமிட் செய்தியில் மூன்றைச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, இந்தத் திருத்தம் அதை எப்படிச் சரிசெய்கிறது. முதலிரண்டும் உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கும். கடைசியில் சைன்ட் ஆஃப் பை என்ற வரியில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும். இந்த நிரலை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி அது, 2004 முதல் இருக்கும் வழக்கம். பிழையைக் கொண்டுவந்த மாற்றம் எது என்று தெரிந்தால் ஃபிக்ஸஸ் என்ற வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் சேருங்கள்.

செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் நிரல் எழுதிய நடையைச் சரிபார்க்கும். கெட் மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்ட் யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று சொல்லும். மின்னஞ்சல் வெறும் எழுத்தாகப் போக வேண்டும், இணைப்பாகவோ எச்டிஎம்எல் ஆகவோ போகக் கூடாது. கிட் சென்ட் ஈமெயில் வழியாக முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள். டேப் எல்லாம் இடைவெளியாக மாறியிருந்தால் பேட்ச் ஒட்டாது.

பதில் வர ஓரிரு வாரம் ஆகலாம். நடுவில் நினைவூட்டல் அனுப்பி அவசரப்படுத்த வேண்டாம். “மாடல் பெயரை முழுதாகப் பொருத்துங்கள்”, “பயாஸ் பதிப்பு என்ன?” என்று கேட்டு வந்தால் அது நிராகரிப்பு இல்லை, உங்கள் பேட்சை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று அர்த்தம். கேட்டதைத் திருத்தி, தலைப்பில் இரண்டாம் பதிப்பு என்று குறித்து அனுப்புங்கள். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை, சைன்ட் ஆஃப் பை வரிக்குக் கீழே வரும் மூன்று கோடுகளுக்கு அடியில் எழுதுங்கள். அந்தக் கோடுகளுக்குக் கீழே இருப்பது கெர்னல் வரலாற்றில் பதியாது, படிக்கிறவருக்கு மட்டும் போய்ச் சேரும்.